வணிக அவையில் வாயிழந்த தமிழன்

கோவை வட்டாரத்து நூற்பாலை ஒன்றன் கூட்ட அறையை எடுத்துக்காட்டாக எண்ணிப் பார்க்க. நீண்ட மேசையைச் சுற்றிப் பன்னிருவர் அமர்ந்திருக்கின்றனர். ஆலை முதலாளி தமிழர், மேலாளர் தமிழர், கணக்கர் தமிழர், எழுந்து நின்று விளக்கவுரை நிகழ்த்தப்போகும் இளம் பொறிஞனும் தமிழன். அயலார் ஒருவரும் அவ்வறையில் இலர். ஆயினும், சுவரில் வெண்டிரை ஒளிர்ந்ததும், பன்னிருவரும் தம் தாய்மொழியைச் செருப்போடு சேர்த்து வாயிலிலேயே கழற்றி வைத்துவிட்டவர் போல் ஆகிவிடுகின்றனர்.

அவ்விளைஞன் மூன்று கிழமையாகப் பொறிகளின் அருகிலேயே நின்று ஓர் உண்மையைக் கண்டறிந்திருக்கின்றான். உச்சிப்பொழுதுக்குப் பின் ஆலைக்குள் காற்றின் ஈரப்பதம் குறைகின்றது. ஈரங் குறைந்த பஞ்சிழை உரங்குன்றி அறுகின்றது. ஆகவே பிற்பகல் முறையில் இழை அறுவது மிகுகின்றது. பிழை, காற்றில் ஈரமூட்டும் அமைப்பில் உள்ளது; பழியோ, அறுந்த இழையைப் பிணைக்கும் பெண்டிர்மேல் விழுந்து வருகின்றது. இவ்வளவையும் முந்தின மாலை தேநீர்க் கடையில் தன் நண்பனிடம் அவன் இரண்டே மணித்துளியில் சொல்லிவிட்டான். நண்பனும் உடனே விளங்கிக்கொண்டான்.

ஆனால் இரவெல்லாம் கண்விழித்து அவன் உருவாக்கிய ஆங்கில விளக்கவுரையோ பதினாறு படவில்லைகளாக நீண்டுவிட்டது. எங்கோ எவரோ எழுதிய சொற்றொடர்கள் அவற்றில் வரிசை வரிசையாக நிற்கின்றன. ஈரப்பதம் பற்றிய உண்மை பதினோராம் வில்லையின் கடைசி வரியில் ஒடுங்கிக் கிடக்கின்றது. அவன் திரையைப் பார்த்துப் படிக்கின்றான். அவையைப் பார்க்க அஞ்சுகின்றான். முதலாளி ஆங்கிலத்தில் ஒரு வினாவைக் கேட்கின்றார். வினா அவனுக்கு விளங்குகின்றது. விடையும் நெஞ்சில் தமிழில் ஆயத்தமாக நிற்கின்றது. வாய்தான் திறக்கவில்லை. ‘யெசு சார்’ என்று கூறி அமர்ந்துவிடுகின்றான். இழை பிணைக்கும் பெண்டிர்மேல் இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டும் என்று கூட்டம் முடிவு செய்கின்றது. கூட்டம் கலைந்து தேநீர் வந்ததும் பன்னிருவரும் தமிழில் பேசத் தொடங்குகின்றனர்!

இந் நூற்பாலை எண்ணத்தில் அமைத்துக் காட்டியது. ஆனால் இக்காட்சியைக் கண்டறியாத தொழிலூர் தமிழ்நாட்டில் உண்டோ? ஓசூரின் பொறித்தொழிற்கூடங்களிலும், திருப்பூரின் பின்னலாடை அலுவலகங்களிலும், சென்னையின் கண்ணாடி மாளிகைகளிலும் பணியாற்றுவோர் தம் நெஞ்சைத் தொட்டுக் கூறட்டும். தமிழர் தமிழர்க்கே ஆங்கிலத்தில் விளக்கவுரை ஆற்றுவதும், கேட்போர் பாதி விளங்கியும் பாதி விளங்காமலும் தலையசைப்பதும், அத்தலையசைப்பின்மேல் பணமும் பிழைப்பும் ஏற்றிவைக்கப்படுவதும் அன்றாட நிகழ்ச்சிகள் அல்லவோ?

திறம் வேறு, மொழி வேறு

இக்கேட்டிற்கெல்லாம் வேர் ஒரு பொய்ச் சமன்பாடு. அவையில் பேசுந் திறமே ஆங்கிலம், ஆங்கிலமே அவையில் பேசுந் திறம் என்பதே அது. ‘கம்யூனிகேசன் நன்றாக இருக்க வேண்டும்’ என்று வேலைக்கு ஆள் எடுப்போர் சொல்கின்றனர். அச்சொல்லின் பொருள், கருத்தைப் பிறர்க்கு உணர்த்தும் ஆற்றல் என்பதே. ஆனால் தமிழ்நாட்டில் அது நுனிநாக்கு ஆங்கிலம் என்று பொருள்பட வழங்கிவருகின்றது. கருத்தில்லாதவன் ஆங்கிலம் பேசினால் அவனுக்கு அவ்வாற்றல் உண்டு என்கின்றனர்; கருத்துடையவன் தமிழில் விளக்கினால் அவனுக்கு அஃது இல்லை என்கின்றனர்.

ஆங்கிலம் அறிந்திருத்தலே அவையில் பேசும் ஆற்றலைத் தந்துவிடுமாயின், ஆங்கிலத்தைத் தாய்ப்பாலோடு பருகியவர் எல்லாரும் நாவலராய் விளங்கியிருத்தல் வேண்டுமே! நடந்தது யாது? 1912-இல் நியூயார்க்கு நகரில் தேல் கார்னெகி என்பார் அவைப்பேச்சு வகுப்பைத் தொடங்கியபோது பணங்கட்டிச் சேர்ந்தோர், ஆங்கிலத்தையே வழங்கி வந்த அந்நாட்டு விற்பனையாளரும் வணிகருமே. 1924-இல் கலிபோர்னியாவின் சாண்டா ஆனா நகரில் இரால்பு சுமெட்லி ‘தோசுட்மாசுட்டர்சு’ என்னும் பேச்சுப் பயிற்சிக் கழகத்தை நிறுவியதும் தம் ஊர் மக்கள் எழுந்து நின்று பேச அறியாதிருந்தமையால்தான். தாய்மொழியாகவே ஆங்கிலம் வாய்த்தவர்க்கும் அவையச்சம் இருந்தது, கருத்தைக் கோவைப்படுத்தத் தெரியாத குறை இருந்தது, பயிற்சி தேவைப்பட்டது. எனவே அவையுரை என்பது தனியொரு திறம். எம்மொழியிலும் அதனைப் பயிலலாம்; தாய்மொழியில் விரைந்து பயிலலாம்.

இவ்வுண்மையை மறைத்தே, ஆங்கிலப் பயிற்சிக் கூடங்கள் பல கடை விரித்துள்ளன. நிற்கும் நிலை, கையசைவு, கண்ணோட்டம், கழுத்துப்பட்டையின் நிறம் என்பனவெல்லாம் அங்குக் கற்பிக்கப்படுகின்றன. சொல்லப்போகும் பொருளைப் பற்றி எண்ணுவது எவ்வாறு என்பதை மட்டும் எவரும் கற்பிப்பதில்லை. ‘தாழத் தொங்கும் கனி’, ‘ஊசியை நகர்த்துதல்’ என்று ஆங்கில வணிகர்தம் மரபுத்தொடர்களை நெட்டுருப் போட வைக்கின்றனர். எளிதில் கிட்டும் ஊதியம் என்றோ, கண்கூடான மாற்றம் என்றோ சொன்னால் விளங்கக்கூடியதை, அயலான் தோட்டத்துப் பழத்தையும் அயலான் பொறியின் ஊசியையும் கொண்டு விளக்க முற்படும் மடமையை என்னென்பது?

தமிழன் தொலைத்த தன் முதுசொம்

அவைக்களத்தைப் பற்றித் தமிழினம் எண்ணிய அளவுக்கு எண்ணிய இனங்கள் சிலவே. திருவள்ளுவர் சொல்வன்மை, அவையறிதல், அவையஞ்சாமை என மூன்று அதிகாரங்களை, முப்பது குறட்பாக்களை, இதற்கென்றே ஒதுக்கினார். கற்றதைப் பிறர்க்கு விரித்துரைக்க மாட்டாதவர் கொத்தாக மலர்ந்தும் மணங்கமழாத மலரை ஒப்பர் என்றார். குற்றமற்ற சில சொற்களால் சொல்லத் தெரியாதவரே பல சொற்களைச் சொல்ல விரும்புவர் என்றார். பதினாறு வில்லைக்காரர்க்கு இதனினும் சிறந்த அறிவுரை எந்நாட்டுப் பயிற்சிக் கூடத்தில் கிடைக்கும்?

அவரினும் விளக்கமாக வகுத்துக் காட்டியவர் நன்னூலார். நூலுக்குப் பத்துக் குற்றங்கள், பத்து அழகுகள், முப்பத்திரண்டு உத்திகள் என அவர் பகுத்துரைத்தவை மாணவர் தேர்வுக்காக உருப்போட்டு மறக்கும் பட்டியல் அல்ல; இன்றைய வணிக விளக்கவுரைக்கும் அப்படியே பொருந்தும் அளவுகோல்கள். பேசப்போகும் பொருள் இன்னதென்று முதற்கண் அறிவித்து உள்ளே புகுவது நுதலிப் புகுதல். செய்தியைச் சுருங்கத் தொகுத்து முன்வைப்பது தொகுத்துச் சுட்டல். பின் கூறு கூறாகப் பிரித்து விளக்குவது வகுத்துக் காட்டல். மேலோர் முடித்தவாறே பொருளை முடித்துக் காட்டுவது முடித்துக் காட்டல். இவற்றையே ஆங்கிலப் பெயரிட்டுப் பளபளப்பான தாளில் அச்சிட்டு விற்றால் தமிழன் பணங்கொடுத்து வாங்குகின்றான். தன் வீட்டுப் பரணில் கிடக்கும் ஏட்டைப் புரட்ட நாணுகின்றான்.

குற்றங்களைப் பார்க்க. வேண்டிய செய்தியை விட்டுவிடுவது குன்றக் கூறல். வேண்டாதவற்றை அடுக்குவது மிகைபடக் கூறல். ஒரே செய்தியை மூன்று வில்லைகளில் போடுவது கூறியது கூறல். எடுத்த பொருளைவிட்டு நிறுவனத்தின் பெருமையைப் பத்து மணித்துளி பேசுவது மற்றொன்று விரித்தல். ஆரவாரமாகத் தொடங்கி, நேரம் போதாமல் கடைசி வில்லைகளை ஓடஓடத் தள்ளி முடிப்பது சென்று தேய்ந்து இறுதல். பொருள் இருவேறாகத் தோன்றச் சொற்களைக் கலப்பது மயங்க வைத்தல். இவற்றுள் இறுதியாகச் சொன்ன குற்றம் எத்துணைக் கொடிது என்பதற்கு அமெரிக்க நாட்டின் அண்மை வரலாறே சான்று பகர்கின்றது.

ஏழுயிர் போன நாள்

2003-ஆம் ஆண்டு சனவரி 16-ஆம் நாள் கொலம்பியா என்னும் விண்ணூர்தி மேலெழுந்தது. எழுந்த 82 நொடிக்குள், வெளிப்புற எரிபொருட் கலத்தினின்று பெயர்ந்த நுரைப்பொருள் துண்டு ஒன்று அதன் இடச்சிறகைத் தாக்கியது. அதனால் ஊறு நேர்ந்திருக்குமா என்பதை, ஊர்தி விண்ணில் சுற்றிக்கொண்டிருந்தபோதே பொறிஞர்கள் ஆராய்ந்தனர். ஆராய்ந்து கண்டதைப் படவில்லைகளாக மேலாளர்க்குக் காட்டினர். பிப்பிரவரி 1-ஆம் நாள் ஊர்தி திரும்புகையில் சிறகின் பிளவு வழியே வெப்பம் புகுந்து அது சிதறியது. கல்பனா சாவ்லா உட்பட எழுவர் மாண்டனர்.

பின்னர் அமைந்த உசாவல் குழு, அப்படவில்லைகளுள் ஒன்றைத் தன் அறிக்கையில் தனியே எடுத்துக் காட்டியது. காட்சி விளக்கத்துறை அறிஞர் எட்வர்டு தப்டியின் ஆய்வும் அங்கு இடம்பெற்றது. முன்பு ஆய்வு செய்து பார்த்த துண்டின் பருமன் 3 கன அங்குலம். தாக்கிய துண்டின் பருமன் ஏறத்தாழ 1,920 கன அங்குலம் என மதிப்பிடப்பட்டிருந்தது. அஃதாவது 640 மடங்கு! அவ்வுண்மை அவ்வில்லையின் அடிவரியில் கிடந்தது. தலைப்போ அஞ்ச வேண்டியதில்லை என்னும் போக்கில் அமைந்திருந்தது. குறிப்பிடத்தக்கது என்னும் பொருளுடைய ஒரே ஆங்கிலச் சொல் அவ்வொரு வில்லையிலேயே ஐந்து முறை, ஐந்து இடங்களிலும் வெவ்வேறு அளவுகளைக் குறிக்குமாறு ஆளப்பட்டிருந்தது. விண்வெளி நிறுவனம் முறையான பொறியியல் அறிக்கைக்கு மாற்றாக இத்தகைய வில்லைகளை நம்பியதை அக்குழு கண்டித்தது.

ஊர்தியை எரித்தது நுரைத்துண்டேயன்றிப் படவில்லை அன்று. ஆனால் பேரிடர் வரப்போகின்றதென்று உரத்துக் கூவியிருக்க வேண்டிய உண்மையை அப்படவில்லை முணுமுணுக்கச் செய்தது. ஆங்கிலமே தம் பணிமொழியாகவும், பலர்க்குத் தாய்மொழியாகவும் உள்ள பெரும்பொறிஞரே, ஆங்கிலத்தில் எழுதி, ஆங்கிலத்தில் படித்து, இவ்வாறு மயங்கினர் எனின், இரவல் மொழியில் எழுதி இரவல் மொழியில் கேட்கும் தமிழர்தம் அவைகளில் எத்தனை உண்மைகள் அடிவரியில் புதைந்து கிடக்கும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பதினோராம் வில்லையில் ஒடுங்கிய ஈரப்பதத்தை மீண்டும் நினைக்க.

கருவியும் கருத்தும்

‘பவர்பாயிண்ட்’ என்னும் கணிப்பொறி மென்பொருள் 1987-இல் வெளிவந்தது. அவ்வாண்டே மைக்ரோசாப்ட் நிறுவனம் 1 கோடியே 40 இலக்கம் தாலர் கொடுத்து அதனை விலைக்கு வாங்கியது. அதனைக் கருவி என்ற அளவில் குறைகூற ஒன்றுமில்லை. கருவி கருத்தின் இடத்தில் ஏறி அமர்ந்ததே குறை. முன்னேறிய நிறுவனங்கள் இதனை எப்போதோ உணர்ந்துவிட்டன. 2004-இல் அமேசான் நிறுவனத் தலைவர் செஃப் பெசோசு தம் உயர்நிலைக் கூட்டங்களில் படவில்லை காட்டுதலை நிறுத்தினார். முழுச் சொற்றொடர்களால் ஆறு பக்கத்துக்கு மேற்படாமல் எழுதப்பட்ட அறிக்கையைக் கூட்டத் தொடக்கத்தில் அனைவரும் வாய்திறவாது படித்தபின்னரே பேச்சு என்பது அங்கு முறையாயிற்று. குறிப்புகளைப் புள்ளியிட்டு அடுக்குவது எளிது. ஒரு கருத்துக்கும் அடுத்த கருத்துக்கும் உள்ள தொடர்பை எழுவாய் பயனிலையோடு எழுதுவது அரிது. அவ்வாறு எழுதும்போதுதான், எழுதுபவனுக்கே தன் எண்ணம் தெளிவாகின்றது.

சப்பானியர் இன்னும் ஒருபடி மேற்சென்றனர். தொயோட்டா நிறுவனத்தில் ஒரு சிக்கலை ஆராய்பவர் அதன் பின்புலத்தையும், இன்றைய நிலையையும், கரணியத்தையும், தீர்வையும் 42 செந்தி மீட்டர் நீளமும் 29.7 செந்தி மீட்டர் அகலமும் உள்ள ஒரே தாளில் அடக்கிக் காட்டும் முறை வளர்ந்தது. ஒரு தாள், அதற்குமேல் இல்லை. அம்முறையை அவர்கள் எம்மொழியில் வளர்த்தனர்? தம் தாய்மொழியாகிய சப்பானிய மொழியில் வளர்த்தனர்! பின்னர் அமெரிக்கரே அதனைக் கற்று நூலெழுதினர். தன் மொழியில் ஆழ எண்ணியவனிடம் உலகம் கற்க வருகின்றது. பிறன் மொழியில் மேலோட்டமாக எண்ணியவனை உலகம் கூலிக்கு அமர்த்திக்கொள்கின்றது. இவ்விரண்டினுள் தமிழன் எதனை விரும்புகின்றான்?

மறுப்புகளும் விடைகளும்

‘உலக வணிகத்தின் மொழி ஆங்கிலமாயிற்றே!’ என்பர். மெய்தான். செர்மானியனோ கொரியனோ எதிரில் அமர்ந்திருந்தால் அவனுக்கு விளங்கும் மொழியில் பேசுவதே அவையறிதல். அந்நிலையில் ஆங்கிலத்தை ஆள வேண்டா என்று அறிவுடையார் எவரும் கூறார். ஆனால் அங்கும் வேண்டுவது பகட்டான ஆங்கிலம் அன்று. ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய பிரெஞ்சுக்காரர் சான் பால் நெரியேர், ஆங்கிலம் தாய்மொழியல்லாதார் தமக்குள் உரையாடும்போது எளிய சொற்களால் நன்கு விளங்கிக்கொள்வதையும், ஆங்கிலர் வந்து சேர்ந்தால்தான் இடர்ப்பாடு தோன்றுவதையும் கண்டார். அதன் விளைவாக ஏறத்தாழ 1,500 சொற்களைக் கொண்ட எளிய ஆங்கிலத்தை வகுத்து, 2004-இல் நூலாக வெளியிட்டார். அயலவரிடம் பேசத் தமிழிளைஞனுக்கு வேண்டுவது அவ்வளவே: தெளிந்த கருத்து, சிறுசிறு சொற்றொடர், அச்சமின்மை. ஆங்கிலனைப் போல் நாவைச் சுழற்றுவது தேவையே இல்லை.

‘தமிழ் வணிகத்துக்கு ஏற்ற மொழியா?’ என்று இளிப்பாரும் உளர். சுமத்திராத் தீவின் லோபு துவா என்னுமிடத்தில் 1088-ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்துள்ளது. அதனைப் பொறித்தவர் ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர். தம் வணிக ஏற்பாட்டை அயல்மண்ணிலே தமிழில் கல்லிற் பொறித்த மரபு அவர்களுடையது. சீனக் கடற்படைத் தலைவன் செங்கோவின் பயணத்தையொட்டி 1409-ஆம் ஆண்டு நாளிட்டுப் பொறிக்கப்பட்டு, 1911-இல் இலங்கையின் காலி நகரில் கண்டெடுக்கப்பட்ட கல்லில் மூன்று மொழிகள் உள்ளன: சீனம், தமிழ், பாரசீகம். கடல் வணிகர் கூடும் கரையில் தன் சொல் விளங்க வேண்டுமென விரும்பிய சீனப் பேரரசு தமிழைத் தேர்ந்தது. கடல் கடந்தும் வணிகரிடை வழங்கிய மொழி, கோவையின் கூட்ட அறைக்குள் நுழையத் தகுதியற்றதாய் விட்டதோ?

‘கலைச்சொல் இல்லை’ என்பர். ஆளாத சொல் எவ்வாறு வழக்கில் நிற்கும்? நீர் இறைத்தால்தான் கிணறு ஊறும். பொறியின் உறுப்புக்கு உடனே தமிழ்ச்சொல் கிட்டாவிடின் தொழிலாளர் வழங்கும் பெயரையே சொல்லி, எஞ்சிய சொற்றொடர் முழுவதையும் தமிழில் அமைப்பதை எவர் தடுத்தார்? ‘கணிப்பொறியில் தமிழ் வாராது’ என்பது முற்றும் பழம்பொய். உலகப் பொதுக் குறியீட்டு முறையாகிய ஒருங்குறியில் அதன் முதற்பதிப்பு வெளிவந்த 1991-ஆம் ஆண்டிலேயே தமிழ் இடம்பெற்றது. 1999-இல் தமிழ்நாட்டரசு தமிழ் 99 விசைப்பலகையை ஏற்றது. இன்று தமிழில் எழுத மறுப்பது பொறியன்று, விரல்.

‘சப்பானிலேயே இரக்குடென் நிறுவனம் ஆங்கிலத்துக்கு மாறவில்லையா?’ என்றும் கேட்பர். மாறியது. 2010-இல் அறிவித்து 2012-இல் முழுமையாக நடைமுறைப்படுத்தியது. அயல்நாடுகளில் பரவக் கருதிய ஒரு நிறுவனம், ஈராண்டு காலங்கொடுத்து, எண்ணித் துணிந்து செய்த ஏற்பாடு அது. சப்பானிய மொழியில் எண்ணவும் எழுதவும் முற்றக் கற்றபின் அதன் பணியாளர் மற்றொரு மொழியைச் சேர்த்துக்கொண்டனர். தமிழ்நாட்டில் நிகழ்வது அதுவன்று. இங்குத் தாய்மொழியில் ஒரு பக்கம் ஒழுங்குபட எழுதப் பழகுவதற்கு முன்பே அதனைப் பறித்துவிட்டு, ஆங்கிலத்தையும் அரைகுறையாகக் கொடுக்கின்றனர். அவர்கள் இரண்டாம் ஆடையை மேலே போர்த்துக்கொண்டனர். இவர்கள் உடுத்த ஆடையையே இழந்தனர்.

மானமுள்ள மாந்தர்

2006-ஆம் ஆண்டு மார்ச்சு 23-ஆம் நாள் பிரசெல்சு நகரில் ஐரோப்பிய ஒன்றியத் தலைவர்கள் கூடியிருந்தனர். ஐரோப்பிய முதலாளிகள் கூட்டமைப்பின் தலைவராகிய செல்லியேர் என்னும் பிரெஞ்சுக்காரர் பேச எழுந்து, வணிகத்தின் மொழி அதுவே என்று கூறி, ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினார். உடனே பிரான்சு நாட்டுத் தலைவர் சாக்கு சிராக்கு தம் அமைச்சர்களோடு எழுந்து வெளியேறிவிட்டார். அவர் ஆங்கிலம் அறியாதவர் அல்லர். இளமையில் அமெரிக்காவில் தங்கிப் படித்தவரே. ஆயினும் பிரெஞ்சுக்காரன் ஒருவன் தன் மொழியை வணிகத்துக்கு ஆகாதது என்று அவை நடுவே தள்ளிவைப்பதை அவரால் பொறுக்க முடியவில்லை.

அம்மானம் வெறும் சினமாக நின்றுவிடவில்லை, சட்டமாக வடிவெடுத்திருந்தது. 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பணியாளர் தம் வேலைக்கு அறிந்திருக்க வேண்டிய ஆவணங்கள் பிரெஞ்சு மொழியில் இருத்தல் வேண்டும். ஆங்கில ஆவணங்களை மொழிபெயர்த்துத் தராத அமெரிக்க மருத்துவக் கருவி நிறுவனம் ஒன்றன் பிரெஞ்சுக் கிளைக்கு, 2006-இல் வெர்சாய் மேன்முறையீட்டு மன்றம் 5 இலக்கம் ஐரோவுக்கு மேல் தண்டம் விதித்தது. கனடா நாட்டின் கியூபெக்கு மாநிலமோ 1977-லேயே, தொழிலாளர் தம் பணியைப் பிரெஞ்சில் செய்யும் உரிமையைச் சட்டத்தால் உறுதிசெய்தது. 50 பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் நிறுவனங்கள், பிரெஞ்சு தம் பணியிடத்தின் பொதுமொழி என்று சான்று பெறல் வேண்டும் என்றது. 2022-இல் அச்சட்டம் மேலும் வலுப்படுத்தப்பட்டு, 2025 முதல் 25 பேர் பணிபுரியும் நிறுவனங்கள் வரை விரிந்தது. அதனால் அங்கு வணிகம் அழிந்துவிட்டதா? வானூர்தி செய்கின்றனர், உலகெங்கும் விற்கின்றனர்.

தமிழனுக்கும் இம்மானம் புதியதன்று. 1906-இல் தூத்துக்குடியில் வ.உ. சிதம்பரனார் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கி, 25 உருவா விலையுள்ள 40,000 பங்குகளால் 10 இலக்கம் உருவா முதல் திரட்ட முனைந்தார். ஆங்கிலச் சட்டம் பயின்ற வழக்கறிஞர் அவர். ஆங்கிலம் தேவைப்பட்ட இடத்தில் ஆங்கிலத்தை ஆண்டார். ஆனால் 1908-இல் கோரல் நூற்பாலைத் தொழிலாளரை எழுப்பியபோது, அவரும் சுப்பிரமணிய சிவாவும் பேசியது மக்களின் தமிழில். வேலைநிறுத்தம் வென்றது, கூலி உயர்ந்தது, கிழமை விடுப்பும் கிட்டியது. எந்த அவைக்கு எந்த மொழி என்பதை அறிந்த ஆண்மை அது.

செய்யத்தக்கன

இனிச் செய்ய வேண்டுவன யாவை? விளக்கவுரை ஆற்றப்போகும் இளைஞன் கணிப்பொறியைத் திறக்குமுன் ஒரு வெள்ளைத்தாளை எடுக்கட்டும். ‘இவ்வவை எழுந்து செல்லும்போது எதனைச் செய்யத் துணிந்திருத்தல் வேண்டும்?’ என்னும் வினாவுக்குத் தமிழில் ஒரே சொற்றொடரில் விடை எழுதட்டும். அவ்விடை எழுத வாராவிடின் அவனுக்கு இன்னும் பொருள் விளங்கவில்லை என்று பொருள். பதினாறு வில்லைகளும் அக்குறையை மூடா. விடை கிட்டியபின் அதனையே முதலில் வைக்கட்டும். அதற்குரிய கரணியங்களை மூன்று நான்காக வகுக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் தன் கண்ணால் கண்ட சான்றையும் எண்ணையும் இணைக்கட்டும். கேட்போர் எழுப்பக்கூடிய வினாக்களைத் தானே எழுப்பி விடை தேடட்டும். ஒரு நண்பனிடம் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கட்டும். திரையில் படமும் எண்ணும் மட்டும் நிற்கட்டும். சொல் அவன் வாயினின்று வரட்டும். கேட்போர் அயலவராயின், இவ்வாறு தமிழில் பழுத்த கருத்தை எளிய ஆங்கிலத்தில் பெயர்த்துச் சொல்லட்டும். வேரூன்றிய மரத்தின் கிளை எத்திசையிலும் நீளும். வெட்டிநட்ட கொம்பு எத்திசையிலும் வாடும்.

முதலாளிமார்க்கும் ஒரு கடமை உண்டு. தமிழர் மட்டுமே கூடும் கூட்டம் தமிழில் நடைபெறும் என்று ஒருவரியில் அவர்கள் ஆணையிட்டால் போதும். தம் ஆலையில் எங்கே பணம் கசிகின்றது என்பதை அறிந்தவன் வாய்திறக்க வேண்டுமென்றால், அவன் வாய்க்கு வரும் மொழியைக் கூட்ட அறைக்குள் விடுதல் வேண்டும். இது தமிழுக்கு அவர்கள் செய்யும் அறக்கொடை அன்று; தம் முதலுக்கு அவர்களே செய்துகொள்ளும் காப்பு. கல்லூரிகள் அவையுரைப் பயிற்சியை முதற்கண் தமிழில் தொடங்கி, பின்னரே ஆங்கிலத்துக்குச் செல்லுதல் வேண்டும். தமிழ்நாட்டு அரசோ, தொழிலாளன் தன் பணியைத் தன் மொழியில் செய்யவும், கேட்கவும், எடுத்துரைக்கவும் உள்ள உரிமையைக் கியூபெக்கைப் போல் சட்டமாக்குதல் வேண்டும்.

மீண்டும் அந்நூற்பாலைக்கு வருக. அதே பன்னிருவர், அதே இளைஞன். இம்முறை கையில் ஒரே தாள். ‘ஐயா, பிற்பகலில் இழை அறுவதற்கு ஈரப்பதக் குறைவே கரணியம், பெண்கள்மேல் பிழையில்லை, ஈரமூட்டும் அமைப்பைச் செப்பனிட இசைவு வேண்டும்’ என்று எடுத்த எடுப்பிலேயே சொல்கின்றான். முற்பகலுக்கும் பிற்பகலுக்கும் தான் எடுத்த அளவுகளைக் காட்டுகின்றான். முதலாளி குறுக்கிட்டு நான்கு வினாக்கள் கேட்கின்றார். நான்குக்கும் அவர் கண்ணைப் பார்த்தே விடை கூறுகின்றான். கால் மணியில் கூட்டம் முடிகின்றது. கூலிப்பிடித்தத்துக்கு அஞ்சிக்கொண்டிருந்த பெண்டிர்க்குத் தம்மைக் காத்தது ஒருவன் தமிழில் பேசிய கால் மணி நேரம் என்பது தெரியாமலே போகலாம். ஆனால் அவர்கள் காக்கப்பட்டனர்.

மொழியுரிமை மேடை முழக்கத்துக்கும் பாட்டரங்குக்கும் மட்டும் உரியது என எண்ணியிருப்போர் இதனை உணர்தல் வேண்டும். அறிந்தவன் வாயடைத்து நிற்பதும், அறியாதவன் ஆங்கிலத்தால் ஆள்வதும், அதற்கான விலையை அவ்வறைக்குள் நுழையவே இயலாத ஏழையர் கொடுப்பதும் ஒழிய வேண்டுமாயின், கூட்ட அறையின் வாயிலில் கழற்றிவைத்த தாய்மொழியைத் தமிழன் மீண்டும் எடுத்து உள்ளே கொண்டு செல்லுதல் வேண்டும். செருப்பு வெளியே கிடக்கட்டும், தமிழ் அவையேறட்டும்!